ஒலிநாடாவில் உறங்கிய பாட்டு



இன்று நாம் பேச எடுத்துக்கொண்டிருப்பது ஒரு பிஸ்கட் டின்னின் கதை. சதுரமான டின், மூடி துருவேறிப்போயிருந்தது. பினாங்குத் தீவின் ரெலாவில் ஓர் அடுக்குமாடி வீட்டில், அலமாரியின் உச்சியில், இருபது ஆண்டுகளுக்கு மேலாக அது கிடந்தது. வீட்டிலிருந்த முதிய அம்மையார் மகள் வீட்டுக்குக் குடிபெயர்ந்தபோது டின் கீழே இறங்கியது. உள்ளே 11 கேசட்டுகள். அவருடைய மகன் எங்கள் நண்பர். டின்னை அப்படியே கொண்டுவந்து எங்கள் முன் வைத்து, "இதில் ஏதாவது தேறுமா பாருங்கள், இல்லையென்றால் குப்பையில் போட்டுவிடலாம்" என்றார்.

பழைய ஒலிநாடாக்களைத் தேடிப்பிடித்துக் கேட்பது எங்களில் நாலைந்து பேருக்கு ஞாயிற்றுக்கிழமை வேலை. வழக்கமாக எங்களுக்குக் கிடைப்பவை எவை? கோவில் திருவிழாவில் யாரோ பிடித்த நாதசுவரம், திருமண வாழ்த்துரைகள், ஊரில் இருக்கும் தாத்தாவுக்குப் பேரப்பிள்ளைகள் பேசி அனுப்பிய குரல் கடிதம். இந்த டின்னில் இருந்தது வேறு. 1993ஆம் ஆண்டிலும் 1994ஆம் ஆண்டிலும் சேர்ந்து ஒன்றரை ஆண்டே நடந்த ஓர் இளைஞர் குழுவின் பாட்டு. நண்பர் அதில் கித்தார் வாசித்தவர். பாடியவர் மலாய்க்காரர், பேஸ் கித்தார் வாசித்தவர் சீனர், தாளக்கருவி நம் தமிழ்ப் பையன். நால்வருக்கும் அப்போது பத்தொன்பது, இருபது வயது. அவர்கள் வாசித்த இசைக்கு 'ஹார்ட்கோர் பங்க்' என்று பெயர்.

இந்தப் பெயரைக் கேட்டதும் சில நேயர்கள் முகம் சுளிக்கக்கூடும். எங்களிலும் ஒருவர் சுளித்தார். ஆகவே அது என்ன இசை என்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுவோம். 1970களின் நடுவில் நியூயார்க்கிலும் லண்டனிலும் எழுந்தது பங்க். பெரிய நிறுவனங்களும் தேர்ந்த வித்துவான்களும் இல்லாமல், கற்றுக்கொண்ட மூன்று சுருதிக் கட்டைக் கொண்டே தெருப் பையன்கள் பாட்டுக் கட்டலாம் என்பது அதன் துணிச்சல். 1980ஐ ஒட்டி அமெரிக்காவின் வாஷிங்டன், லாஸ் ஏஞ்சலிஸ் போன்ற நகரங்களில் அந்த இசை இன்னும் வேகம் எடுத்தது. பாட்டு ஒரு நிமிடம், ஒன்றரை நிமிடம். பாடுவது பாதி, கத்துவது பாதி. அதுதான் ஹார்ட்கோர். தைப்பூசத்தன்று தண்ணீர்மலைப் பாதையில் உறுமி மேளம் உச்சத்துக்குப் போகும் கட்டத்தை நினைத்துக்கொள்ளுங்கள். அந்த உச்சத்திலேயே பாட்டு தொடங்கி, அங்கேயே நின்றும்விட்டால் எப்படி இருக்கும்? ஏறக்குறைய அப்படித்தான்.

மலேசியாவில் இந்த இசை எப்படி வந்து சேர்ந்தது என்று கேட்டால், வெளிநாட்டு இசை இதழ்கள் வழியாகவும் அஞ்சல் வழியாகவும் என்றுதான் சொல்ல வேண்டும். 1991இல் கோலாலம்பூரில் கார்புரேட்டர் டங் என்ற குழு தொடங்கியது. அதன் கித்தார்க்காரர் ஜோ கிட் நடத்திய சிற்றிதழின் பெயர் 'ஏடிஸ்'. டெங்கிக் காய்ச்சல் பரப்பும் கொசுவின் பெயர்தான். சிறியது, ஆனால் கடிக்கும் என்று பொருள் கொள்ளலாம் போலும். இத்தகைய இதழ்களின் பின்பக்கங்களில் முகவரிகள் இருக்கும். அங்கே எழுதினால் ஒரு கேசட் வரும். பதிலுக்கு நம் கேசட்டை அனுப்பவேண்டும். எங்கள் நண்பர் ஒரு பழைய குறும்பையும் ஒப்புக்கொண்டார். தபால்தலையின் மேல் சவர்க்காரத்தை மெல்லியதாகத் தடவி அனுப்புவார்களாம். பெறுபவர் தண்ணீரில் கழுவினால் முத்திரை போய்விடும், தலையைத் திரும்பவும் ஒட்டலாம். உலகம் முழுவதும் இந்தக் கூட்டத்தார் செய்த வேலை அது. அஞ்சல் துறைக்கு நட்டம்தான். நாம் அதைப் பாராட்டவில்லை.

வானொலியில் இத்தகைய பாட்டுக்கு அன்று இடம் இருக்கவில்லை. 1992இல், நீண்ட முடி வளர்த்த ராக் பாடகர்கள் அரசு வானொலி தொலைக்காட்சியில் தோன்றக்கூடாது என்று தகவல் அமைச்சு தடை போட்டதும், புகழ்பெற்ற 'சர்ச்', 'விங்ஸ்' குழுவினர் முடியை வெட்டிக்கொண்டதும் பலருக்கு நினைவிருக்கும். நாடறிந்த பாடகர்களின் நிலையே அதுவென்றால், வாடகை அறையில் மணிக்கணக்குக்குக் காசு கொடுத்துப் பயிற்சி செய்த நாலு பையன்களை யார் கண்டுகொள்வார்கள்? ஆகவே அவர்கள் தாமே பதிவு செய்தார்கள். இரட்டைக் கேசட் பெட்டியில் ஒவ்வொன்றாகப் படியெடுத்தார்கள். அட்டையை நகலெடுக்கும் கடையில் அச்சடித்தார்கள். மொத்தம் நூறு கேசட், ஒன்று 5 வெள்ளி. நூறும் போய்விட்டன. குழுவும் கலைந்தது. ஒருவர் ஜொகூருக்கு வேலைக்குப் போனார், ஒருவர் படிக்கப் போனார். சண்டை ஒன்றும் இல்லை.

இனி டின்னைத் திறப்போம்.

11 கேசட்டுகளில் மூன்றின் மேல் வெள்ளைப் பூஞ்சை படர்ந்திருந்தது. அவற்றைத் தனியே ஓர் உறையில் போட்டு மூடிவிட்டோம். ஏழு கேசட்டுகள் வெளியூர்க் குழுக்களுடையவை, அஞ்சலில் வந்தவை. மீதி ஒன்றுதான் நாங்கள் தேடியது. அறுபது நிமிட நாடா. மேலே நீலப் பேனாவால் ஒரு தேதியும், '4டி' என்று ஒரு குறிப்பும் மட்டும். அதைச் சுழலவிட்டோம்.

கேட்டது என்ன தெரியுமா? குகைக்குள் யாரோ உறுமுவது போன்ற ஓசை. தாளம் நொண்டி நொண்டி நகர்ந்தது. பாட்டு இல்லை, குரல் இல்லை. நாடா இழுபட்டுவிட்டது போலும் என்றார் ஒருவர். மறுபக்கம் திருப்பிப் போட்டோம். அது இன்னும் மோசம். ஓசை மெல்லத் தோன்றிப் பெருகித் திடீரென்று அறுந்தது. மனிதக் குரல்தான், ஆனால் எந்த மொழியும் அல்ல. "போய்விட்டது, விடுங்கள்" என்று நண்பர் எழுந்துவிட்டார். அந்த இடத்தில் நாங்களும் அதை டின்னில் போட்டு மூடியிருப்போம். '4டி' என்ற குறிப்புதான் எங்களைத் தடுத்தது.

இங்கே கேசட்டின் அமைப்பைச் சற்று விளக்க வேண்டும். கேசட்டை 1963இல் நெதர்லாந்தின் பிலிப்ஸ் நிறுவனம் அறிமுகம் செய்தது; அதை உருவாக்கிய குழுவுக்குத் தலைவராயிருந்த லூ ஓட்டன்ஸ் என்ற பொறியாளர் 2021இல்தான் காலமானார். உள்ளே ஓடும் நாடாவின் அகலம் 3.81 மில்லிமீட்டர், ஒரு வினாடிக்கு ஓடும் நீளம் 4.76 சென்டிமீட்டர். பாலியெஸ்டர் பட்டையின் மேல், ஒருவகைப் பசையில் குழைத்த இரும்பு ஆக்சைடுத் துகள்களைப் பூசியிருப்பார்கள். ஒலி மின்சாரமாகி, மின்சாரம் காந்தமாகி, அந்தத் துகள்களை வரிசைப்படுத்துகிறது. அவ்வளவு ஒடுங்கிய பட்டையில் நான்கு தடங்கள் உண்டு. ஒவ்வொன்றும் ஏறத்தாழ 0.6 மில்லிமீட்டர். முதல் பக்கத்துக்கு இரண்டு, இடக்காதுக்கும் வலக்காதுக்கும்; திருப்பிப் போட்டால் மற்ற இரண்டு, எதிர்த்திசையில்.

1979இல் ஜப்பானின் டீயாக் நிறுவனம் ஒரு புதுமை செய்தது. 'போர்ட்டாஸ்டூடியோ' என்ற சிறு பெட்டி. அது நான்கு தடங்களையும் ஒரே திசையில், நாலு தனித்தனி ஒலிகளாகப் பதிந்தது. தரம் கூடுவதற்காக நாடாவை இரு மடங்கு வேகத்தில் ஓட்டியது. முதலில் தாளத்தைப் பதியலாம், அதைக் கேட்டுக்கொண்டே கித்தாரைச் சேர்க்கலாம், பிறகு குரல். பல்லாயிரம் வெள்ளி செலவாகும் ஒலிப்பதிவுக் கூடம் மேசை மேல் வந்து உட்கார்ந்துவிட்டது. புரூஸ் ஸ்பிரிங்ஸ்டீன் என்ற அமெரிக்கப் பாடகரின் 'நெப்ராஸ்கா' என்ற இசைத்தட்டு, 1982இல் வெளிவந்தது, இத்தகைய பெட்டியில் வீட்டு அறையில் பதிந்ததுதான்.

இப்போது விஷயம் விளங்கியிருக்கும். நாலு தடக் கருவியில் பதிந்த நாடாவைச் சாதாரணக் கருவியில் போட்டால் முதல் இரண்டு தடங்கள் பாதி வேகத்தில் கேட்கும். திருப்பிப் போட்டால் மற்ற இரண்டும் பாதி வேகத்தில், அதுவும் பின்னிருந்து முன்னாகக் கேட்கும். எங்கள் நாடா கெடவே இல்லை. நாங்கள்தான் அதைத் தவறாகப் படித்தோம். முப்பது ஆண்டுகளில் எத்தனை வீடுகளில் எத்தனை பேர் இப்படி ஒரு நாடாவைக் கேட்டுவிட்டு, கெட்டுப்போனது என்று எறிந்திருப்பார்கள்! அதை எண்ணினால் சற்று வயிற்றைக் கலக்கத்தான் செய்கிறது.

கணினியில் இரண்டு பக்கங்களையும் தனித்தனியே ஏற்றி, ஒன்றைத் திருப்பி, வேகத்தை இரட்டித்து ஒட்டவும் செய்யலாம். செய்து பார்த்தோம். ஆனால் கேசட் ஒவ்வொரு முறை ஓடும்போதும் வேகம் துளித்துளியாக மாறும். ஒரு நிமிடத்துக்குள் தாளம் ஒருபுறம், குரல் ஒருபுறம் என்று விலகிவிடுகிறது. ஆகவே மெய்யான நாலு தடக் கருவி ஒன்றைத் தேடினோம். அத்தகைய கருவிகளைக் கடைகளில் புதிதாக வாங்க முடியாது. கடைசியில், இசை சொல்லிக்கொடுக்கும் ஒருவரின் வீட்டில் மேசைக்கடியில் ஒன்று கிடைத்தது. மின்சாரம் பாய்ந்தது, விளக்கு எரிந்தது, சக்கரம் சுற்றவில்லை. உள்ளே ரப்பர் வார் உருகித் தார் போல் ஆகியிருந்தது. வானொலிப் பெட்டி பழுதுபார்க்கும் பெரியவர் ஒருவர், ஏறக்குறைய எழுபது வயதிருக்கும், அதைச் சுரண்டி எடுத்து வேறு வார் போட்டுக் கொடுத்தார். கூலி கேட்கவில்லை. "என்ன பாட்டு?" என்று மட்டும் கேட்டார். போட்டுக் காட்டினோம். ஒரு பாட்டு முடியும்வரை பொறுமையாகக் கேட்டுவிட்டு, "வார் நன்றாகத்தான் இழுக்கிறது" என்றார்.

அறுபது நிமிட நாடா, ஒரே திசையில், இரட்டை வேகத்தில்: மொத்தம் 15 நிமிடம். அதற்குள் 11 பாட்டுகள்.

இப்படி ஒரு குழுவின் நாடா ஏன் மதிப்புடையது என்று கேட்பவர்களுக்கு, வேறு இரண்டு ஊர்களில் நடந்ததைச் சொல்ல விரும்புகிறோம். அமெரிக்காவின் டெட்ராய்ட் நகரில் டேவிட், பாபி, டேனிஸ் ஹேக்னி என்று மூன்று கறுப்பினச் சகோதரர்கள். 1975இல் ஒரு கூடத்தில் ஏழு பாட்டுகள் பதிந்தார்கள். பங்க் என்ற பெயர் ஊரில் வழங்குவதற்கு முன்பே அந்த வேகத்தைப் பிடித்தவர்கள். ஆனால் குழுவுக்கு அவர்கள் வைத்த பெயர் 'மரணம்'. பெயரை மாற்றினால் நல்லது என்றார்கள் இசைத்துறையினர். மூத்தவர் டேவிட் மாற்ற மறுத்தார். 1976இல் தம் கைப்பணத்தில் ஓர் இசைத்தட்டு, 500 படிகள். அத்தோடு சரி. டேவிட் 2000ஆம் ஆண்டு நுரையீரல் புற்றுநோயால் இறந்தார். அதற்கு முன் மூல நாடாக்களைத் தம்பி பாபியிடம் கொடுத்து, உலகம் ஒருநாள் இதைத் தேடி வரும், பத்திரமாக வை என்று சொன்னதாகத் தம்பிமார் கூறுகிறார்கள். அவை பரண்மேல் கிடந்தன. 2008இல் பாபியின் மகன் ஒருவர் எங்கோ கேட்ட பழைய இசைத்தட்டில் தம் தந்தையின் குரலை அடையாளம் கண்டார். அதுவரை பிள்ளைகளுக்கே தெரியாது! 2009இல் அந்த ஏழு பாட்டுகளும் இசைத்தட்டாக வந்தன. 2012இல் அவர்கள் கதை ஆவணப்படமாயிற்று.

இரண்டாவது ஊர் வாஷிங்டன். அங்கே 'டீன் ஐடில்ஸ்' என்ற பள்ளிப் பையன்களின் குழு ஏறக்குறைய ஓராண்டுதான் நடந்தது. கலையும்போது, நிகழ்ச்சிகளில் சேர்த்த பணத்தைப் பங்கு போட்டுக்கொள்ளவில்லை. தாங்கள் பதிந்திருந்த எட்டுப் பாட்டுகளை 1980இல் இசைத்தட்டாக்கினார்கள். உறைகளைக் கையாலேயே வெட்டி மடித்து ஒட்டினார்கள். அதற்காகத் தொடங்கிய 'டிஸ்கார்ட்' என்ற சிறு நிறுவனம் இன்றும் இருக்கிறது. அந்த நகரத்துப் பழைய நாடாக்களை அவ்வப்போது வெளியிட்டும் வருகிறது. குழு போய்விட்டது, நாடா நின்றது. டெட்ராய்ட்டில் ஒரு தம்பியின் விசுவாசம் காப்பாற்றியது. வாஷிங்டனில் பையன்களின் முன்யோசனை காப்பாற்றியது. பினாங்கில்?

பினாங்கு பாட்டுக்குப் பஞ்சமான ஊர் அல்ல. 1969 வரை இந்தத் தீவு சுங்கவரி இல்லாத் துறைமுகம். கப்பலில் ஆளும் வந்தார்கள், பாட்டும் வந்தது. பி. ராம்லி 1929இல் இங்கே பிறந்தவர். 'அலிகேட்ஸ்' குழுவின் டேவிட் ஆறுமுகமும் அவர் தம்பி லோகநாதனும் பினாங்குத் தமிழ்ப் பிள்ளைகள். அவர்கள் மலாய்ப் பாட்டை நாடு முழுதும் பாடியது. லோகநாதன் 2007இல் மறைந்தார். 2016இல் கொம்தார் கட்டடத்தில் பினாங்கு இசைக்கென்றே ஒரு காட்சிக்கூடம் திறந்தார்கள். புகழ்பெற்றவர்களுக்கு ஒருவாறு இடம் கிடைத்திருக்கிறது. நாட்டின் தேசிய நூலகத்துக்குப் படி அனுப்பவேண்டும் என்று 1986ஆம் ஆண்டுச் சட்டம் சொல்வது நூல்களுக்கு மட்டுமன்று, ஒலிப்பதிவுகளுக்கும் உண்டு. ஆனால் நகல் கடையில் அட்டை போட்ட நூறு கேசட்டை அங்கே யார் கொண்டுபோய்க் கொடுத்திருப்பார்கள்? சட்டம் இருப்பதே பையன்களுக்குத் தெரியாது.

பினாங்கில் இத்தகைய பொருள்கள் அழிந்ததற்கு வேறொரு காரணமும் உண்டு. அதை யாரும் இசையோடு சேர்த்துப் பேசுவதில்லை. ஜார்ஜ் டவுன் கடைவீடுகளில் வாடகைக் கட்டுப்பாடு நெடுங்காலம் இருந்தது. சில பத்து வெள்ளி வாடகையில் மூன்று தலைமுறை இருந்த குடும்பங்கள் உண்டு. அந்தச் சட்டத்தை 1997இல் நீக்கினார்கள். அவகாசம் முடிந்து 2000ஆம் ஆண்டு தொடங்கியதும் வாடகை ஏறியது. குடும்பங்கள் ஆயர் ஈத்தாம், ரெலா, பாயான் லெப்பாஸ் என்று அடுக்குமாடிகளுக்குப் போயின. கடைவீட்டின் மேல்மாடியில் இருந்ததெல்லாம் ஓர் அடுக்குமாடி வீட்டுக்குள் அடங்குமா? அஞ்சடியில் குவித்தார்கள். பழைய இரும்புக்காரன் இரும்பை எடுத்துக்கொண்டான். காகிதத்தைக் காகிதக்காரன் எடுத்துக்கொண்டான். கேசட்டை யாரும் எடுத்துக்கொள்ளவில்லை. 2008இல் அந்த நகரம் உலகப் பாரம்பரியச் சின்னமாயிற்று. சுவர்கள் தப்பின என்று மகிழ்கிறோம். அந்தச் சுவர்களுக்குள் ஒலித்தவை பெரும்பாலும் அஞ்சடியோடு போயின. நண்பர் வீட்டு டின் தப்பியதற்கு ஒரே காரணம், அவர் தாயார் உள்ளே பிஸ்கட் அச்சுகள் இருப்பதாக நினைத்ததுதான்.

பாடகரிடம் இருந்த படிகளும் தப்பவில்லை. 2001இல் பக்கத்துக் கெடா மாநிலத்தில் 'பிளாக் மெட்டல்' இசை பற்றிப் பெரிய அச்சம் எழுந்து, பள்ளி மாணவர்கள் பலரை விசாரித்தார்கள். செய்தித்தாளைப் படித்த அவர் தந்தை, பிளாக் மெட்டல் வேறு, இது வேறு என்றெல்லாம் பார்க்கவில்லை. கறுப்பு அட்டை போட்டதையெல்லாம் கொளுத்திவிட்டார். அந்தத் தந்தையை நாம் குறை சொல்ல முடியுமா? மகனைக் காப்பாற்றுவதாகத்தான் அவர் நினைத்தார்.

உங்கள் வீட்டிலும் இத்தகைய டின் ஒன்று இருக்கலாம். அது பங்க் இசையாக இருக்கவேண்டியதில்லை. பாட்டியின் தாலாட்டாகவும் இருக்கலாம். ஆகவே கையாளும் முறையைச் சொல்லிவிடுகிறோம். காந்தப் பதிவு தானாக எளிதில் அழிவதில்லை. அழிவது துகளைப் பிடித்திருக்கும் பசையும், நாடாவைச் சுற்றியுள்ள உறுப்புகளும்தான். ஒலிக்காப்பகத்தார் நாடாவுக்கு விரும்பும் சூழல் ஏறக்குறைய 20 டிகிரி வெப்பம், 30 முதல் 40 விழுக்காடு ஈரப்பதம். பினாங்கில் ஈரப்பதம் சாதாரணமாகவே 80 விழுக்காட்டை ஒட்டி நிற்கும், கடற்காற்று வேறு. ஆகவே பூஞ்சை பிடித்த நாடாவை ஒருபோதும் ஓட்டிப் பார்க்காதீர்கள். பூஞ்சை கருவிக்குள் படியும். அடுத்துப் போடும் நல்ல நாடாவையும் தொற்றும். ஈரம் உறிஞ்சும் சிலிக்கா குருணையோடு மூடிவைத்து உலரவிட வேண்டும். பிறகு முகமூடி அணிந்து, திறந்த வெளியில் மெல்லத் துடைக்கவேண்டும்.

பூஞ்சை இல்லாத நாடாவென்றால், முதலில் பின்விளிம்பில் உள்ள இரண்டு சிறு தகடுகளையும் உடைத்துவிடுங்கள். கை தவறிப் பதிவுப் பொத்தானை அழுத்தினாலும் அழியாது. அதன்பின் நாடாவை அழுத்திப் பிடிக்கும் சிறு பஞ்சுத் துண்டு இருக்கிறதா என்று பாருங்கள். ஒட்டிய பசை காய்ந்து அது விழுந்திருக்கும். கேசட் ஐந்து திருகாணிகளால் ஆனதென்றால் திறந்து, நாடாவை வேறு நல்ல கூட்டுக்கு மாற்றிவிடலாம். தொண்ணூறு நிமிட நாடாவும் நூற்றிருபது நிமிட நாடாவும் மெல்லியவை. வேகமாகச் சுற்றினால் அறுந்துபோகும். ஆறுபட்டைப் பென்சிலைச் சக்கரத்தில் செருகிக் கையால் சுற்றிய பழைய வழக்கம் இதற்கு மிக நல்லது. கணினியில் ஏற்றும்போது, சுருக்காத கோப்பாக ஏற்றுங்கள். கைப்பேசியில் கேட்பதற்குச் சுருக்கிய படி வேறு எடுத்துக்கொள்ளலாம். இதைத் தள்ளிப்போடவும் வேண்டாம். யுனெஸ்கோவும் அனைத்துலக ஒலிக்காப்பகச் சங்கமும் சேர்ந்து 2019இல் ஓர் எச்சரிக்கை விடுத்தன. நாடாவை ஓட்டும் கருவிகளும் உதிரிப் பாகங்களும் பழகிய கைகளும் குறைந்துகொண்டே வருவதால், 2025ஐ ஒட்டிப் படியெடுக்கும் வேலை பெரும்பாலும் நின்றுபோகக்கூடும் என்றார்கள். அந்த ஆண்டு வந்தும்விட்டது. எங்கள் எழுபது வயதுப் பெரியவருக்குக் கையாள் யாரும் இல்லை.

படியெடுத்தபின் வேறொரு சிக்கல் எழுந்தது. இதை வெளியிடலாமா? மலேசியாவின் 1987ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டப்படி ஒலிப்பதிவுக்கு ஐம்பது ஆண்டு உரிமை உண்டு. அது அந்த நால்வருக்கு உரியது. பாடகர் உடனே சரி என்றார். பேஸ் வாசித்தவர் மறுத்தார். அவர் இன்று பொறுப்புள்ள பதவியில் இருக்கிறார். 11 பாட்டுகளில் ஒன்று, அவர்கள் அன்று வெறுத்த ஓர் ஆசிரியரைப் பெயர் சொல்லித் திட்டுகிறது. "இருபது வயதில் எழுதினோம். அந்த ஆசிரியர் உயிரோடு இருக்கிறார், போன ஆண்டு கூடக் கடைத்தெருவில் பார்த்தேன், என்னை நலம் விசாரித்தார்" என்றார். எங்களுக்குள் வாதம் நடந்தது. ஒரு பாட்டை மட்டும் நீக்கி வெளியிடலாம் என்றார்கள் சிலர். அப்படி வெட்டுவதும் சரியன்று, நால்வரும் மனம் ஒப்பாமல் வெளியிடுவதும் சரியன்று என்பதே எங்கள் முடிவு. காப்பது வேறு, பரப்புவது வேறு. பதிவை முழுதாகப் படியெடுத்தோம், மூன்று படிகள், ஒன்று தீவில், ஒன்று கடலுக்கு அப்பால் பட்டர்வொர்த்தில், ஒன்று பாடகர் கையில். வெளியீட்டை அவர்கள் தம்மில் பேசிக்கொள்ளட்டும். முப்பது ஆண்டு காத்த நாடா இன்னும் சிறிது காக்காதா?

நால்வர் என்றோம், இன்று இருப்பவர் மூவர்தான். தாளம் வாசித்த பையன் 1999இல் மோட்டார் சைக்கிள் விபத்தில் இறந்துவிட்டான். அவன் தாத்தா 'ரஜுலா' கப்பலில் வந்து இறங்கியவர். தகப்பனார் துறைமுகத்தில் தொங்கான் ஏறிச் சரக்கு இறக்கியவர். பையன் முதலில் கற்றது உறுமி மேளம். நாலு தடமும் தனித்தனியே இருந்ததால், தாளத்தை மட்டும் பிரித்துக் கேட்க முடிந்தது. கித்தாரும் கூச்சலும் நீங்கியதும் அடியில் கிடந்தது தெரிந்தது: பாட்டு திரும்பும் இடங்களிலெல்லாம் கைப்பழக்கத்தில் உறுமிக்காரரின் அடி விழுகிறது. அமெரிக்கப் பையன்கள் யாரும் அந்த இடத்தில் அப்படி அடிப்பதை நாங்கள் கேட்டதில்லை. முதல் பாட்டு தொடங்குமுன் அவன் தொண்டையைச் செருமிக்கொண்டு, குச்சிகளைத் தட்டி, தமிழில் எண்ணுகிறான். சீனரும் மலாய்க்காரரும் அந்த எண்ணிக்கைக்குத்தான் புகுந்து வாசித்திருக்கிறார்கள்.

அவனுடைய தாயார் ஆயர் ஈத்தாமில் இருக்கிறார். அவரிடம் இதைக் கொண்டுபோவதா வேண்டாமா என்று இரண்டு வாரம் யோசித்தோம். கடைசியில் நண்பர்தான் போன் செய்து கேட்டார், வரச்சொன்னார். மடிக்கணினியைச் சாப்பாட்டு மேசையில் வைத்துப் பாட்டைப் போட்டோம். முதல் பாட்டு ஒரு நிமிடம் பத்து வினாடி. அம்மையார் கைகளை மடியில் வைத்துக்கொண்டு கேட்டார். முடிந்ததும், "இதுக்குத்தான் ராத்திரி பதினொரு மணிக்கு வருவானா?" என்றார். பிறகு, "பாட்டு வேணாந் தம்பி. முன்னால செருமிட்டு எண்ணுறானே, அதை மட்டும் போடுங்க" என்றார். போட்டோம். நாலைந்து முறை போட்டோம்.

அந்த நாலு வினாடியை வெட்டி அவர் கைப்பேசியில் ஏற்றிக்கொடுத்துவிட்டு வந்தோம். பூஞ்சை பிடித்த மூன்று கேசட்டுகள் இன்னும் உலர்ந்துகொண்டிருக்கின்றன. அவற்றில் ஒன்றின் மேலும் '4டி' என்று எழுதியிருக்கிறது.